பீரோ சாவி யாரிடம்?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயசு. சளி பிடிச்சாலோ ஊதக்காத்து அடிச்சாலோ ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இருமல், இளைப்பு. டாக்டர் ரெண்டு பம்ப் (இன்ஹேலர்) குடுத்திருக்காங்க. ஒண்ணு இளைப்பு வரும்போது, இன்னொண்ணு தினமும். இளைப்பு இல்லாத நாள்ல எதுக்குன்னு தினமும் போடுறதை நிறுத்திட்டோம். பொம்பளப் பிள்ளை, நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னு அத்தை பம்பை பீரோவுல வச்சுப் பூட்டிருவாங்க. சிரப் மட்டும் அடுப்படி அலமாரியில இருக்கும். ஐப்பசியில அவங்க வள்ளியூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப இளைப்பு வந்து, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பம்ப் பழகிருமா? வளர்ந்தா சரியாயிருமா? தயிர், வாழைப்பழம் நிறுத்தணுமா? வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை பார்க்காங்க.
– ஒரு தாய், முக்கூடல் பக்கம்

பதில்: வளர்ந்தால் சரியாகுமா என்று எல்லாத் தாய்மாரும்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அத்தை வள்ளியூர் போயிருந்தபோது இளைப்பு வந்தது என்று, அதைப் பேசுவோம். அத்தையோடு சாவியும் கல்யாணத்துக்குப் போய்விட்டது. மருந்து வீட்டிலேயே இருந்தது. பிள்ளையும் வீட்டிலேயே மூச்சுக்குத் தவித்தது. நீங்கள் பூட்டை உடைக்கவில்லை, ஆட்டோ தேடிப் போனீர்கள். பீரோவில் கீறல் விழுந்தால் அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அந்த நேரத்திலும் உங்களுக்கு இருந்திருக்கிறது. இதற்காக உங்களைத் திட்டத்தான் வேண்டும்.

பிள்ளைக்கு வயது 4. சட்டப்படி கல்யாண வயது வர இன்னும் 14 வருஷம் இருக்கிறது. அன்றைக்கு வரப்போகும் யாரோ ஒரு சம்பந்தி முகம் சுளிக்கக் கூடாது என்று இன்றைக்கு ராத்திரி பிள்ளையின் மருந்தைப் பூட்டி வைக்கிறீர்கள். ஆட்டோவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்திருக்கும். மறைத்ததில் என்ன மிச்சம்?

இளைப்பின்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பூட்டின் விலை புரியும். மூச்சுக் குழாயின் சிறு கிளைகளைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுவதுதான் அந்த விசில் சத்தம். இளைப்பு வரும்போது போடுகிற பம்பில் உள்ள சால்பூட்டமால் என்ற மருந்து சில நிமிடங்களிலேயே தசையைத் தளர்த்த ஆரம்பிக்கும். அந்தச் சில நிமிடங்களைத்தான் நீங்கள் ஆட்டோவில் கழித்தீர்கள்.

பம்ப் பழகிவிடுமா என்றால், பழகாது. பயப்பட வேண்டியது பம்புக்கா சிரப்புக்கா என்று கணக்கே சொல்லும். அடுப்படியில் வைத்திருக்கிறீர்களே சிரப், அது சால்பூட்டமால் சிரப் என்றால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் 5 மில்லியில் 2 மில்லிகிராம் (2000 மைக்ரோகிராம்) என்று இருக்கும். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஐந்து மில்லி சிரப் 20 அழுத்துக்குச் சமம். சிரப் வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் கொடுத்துவிட்டுத் தாமதமாக நுரையீரலுக்கு வரும். பம்ப் மருந்து நேரே போகும். அதிக மருந்தை அலமாரியில் திறந்து வைத்துவிட்டு, குறைந்த மருந்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

அத்தையோடு சண்டைக்குப் போக வேண்டாம். இதைப் பேச வேண்டியவர் திருப்பூரில் இருக்கிறார். மகன் தாயிடம் சொல்ல வேண்டியதை மருமகள் தலையில் கட்டிவிட்டு வெளியூரில் இருந்துகொள்வது நம் ஆண்களுக்குக் காலகாலமாக வசதியாக இருக்கிறது. பணம் அனுப்பினால் மட்டும் தகப்பன் கடமை முடிந்துவிடாது. இன்று ராத்திரியே அவர் போன் போட்டு, "எம்மா, பம்ப் இனிமே பீரோவுல இருக்கக் கூடாது" என்று சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது எதிர்ப்பேச்சு, அவர் சொன்னால் வீட்டு முடிவு. நியாயமில்லைதான், ஆனால் பிள்ளைக்கு மருந்து கிடைத்த பிறகு நியாயம் பேசிக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சாவி வைத்திருந்தவருக்கே பம்ப் போடவும் கற்றுக் கொடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி எழுந்து பார்க்கப்போவது அவர்தான்.

பிள்ளை படுக்கிற அறையில் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து ஒரு பை மாட்டுங்கள். இளைப்புப் பம்ப், ஸ்பேசர் (பம்பில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்), மாஸ்க் மூன்றும் அதில் ஒன்றாக இருக்கட்டும். ஸ்பேசர் இல்லாமல் இந்த வயதுப் பிள்ளைக்குப் பம்ப் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இளைப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள், மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இளைப்புக்குக் கொடுத்த பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் மருந்து பிள்ளையின் கன்னத்துக்குத்தான் போகும். ஒரே ஒரு அழுத்து. பிறகு 5, 6 மூச்சு இயல்பாக இழுத்து விடட்டும். ஸ்பேசரின் வால்வு அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால்தான் மருந்து போகிறது. அரை நிமிடம் விட்டு, மறுபடியும் குலுக்கி, இரண்டாவது அழுத்து. இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரிலேயே தங்கிவிடும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு மருந்து மிகக் குறைவாகவே உள்ளே போகும். அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே மாஸ்க்கை வைத்து விளையாட்டுக் காட்டிப் பழக்குங்கள்.

உங்கள் டாக்டர் வேறு கணக்கு எழுதிக் கொடுக்காதவரை, இரண்டு அழுத்து கொடுத்து 20 நிமிடம் பாருங்கள். அடங்காவிட்டால் இன்னும் இரண்டு, மறுபடி 20 நிமிடம் கழித்து இன்னும் இரண்டு. ஆறுக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிதான். ஆனால் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பேசவோ தண்ணீர் குடிக்கவோ முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை துவண்டால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே 108. வண்டி வரும்வரையிலும் பம்ப் கொடுத்துக்கொண்டே இருங்கள். இன்னொன்று, இரைந்துகொண்டிருந்த நெஞ்சு திடீரென்று அமைதியாகி, பிள்ளையும் சோர்ந்தால் "சத்தம் நின்னுட்டு" என்று ஆறுதல் அடையாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். மூச்சு வாங்கும் பிள்ளையின் வாயில் கசாயமோ வெந்நீரோ ஊற்றாதீர்கள், புரையேறும்.

ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்துக் காய விடுங்கள். முந்தானையால் உள்ளே துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். பம்பில் எண் காட்டும் வசதி இருந்தால் மீதி எவ்வளவு என்று பாருங்கள். டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம்.

தினமும் போடச் சொன்ன பம்பை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? அது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, பலன் தெரிய வாரங்கள் ஆகும். இளைப்பு இல்லாத நாளில் போடுவதற்குத்தான் அது கொடுக்கப்பட்டதே. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லி, மறுபடி ஆரம்பியுங்கள். போட்டதும் வாய் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடையுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

முக்கூடல் பக்கம் என்று எழுதிவிட்டதால் இன்னொன்றும் கேட்கிறேன். வீட்டில் யாராவது பீடி சுற்றுகிறீர்களா? புகையிலைத் தூள் தட்டு இருக்கும் அறையில் பிள்ளை தூங்கக் கூடாது. அதைத் திண்ணைக்கு மாற்றுங்கள். சுற்றி முடித்துக் கைகழுவி, சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மாமா பீடி குடிப்பவர் என்றால் வாசலில் நின்று குடித்துவிட்டு வந்தேன் என்பது போதாது, சட்டையில் இருக்கிறது புகை. தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி காட்டுவதை இந்தப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள், துண்டால் துவட்டினால் போதும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை.

பால்வாடி டீச்சரிடம் இளைப்பு இருப்பதைச் சொல்லி, அங்கே ஒரு பம்பும் ஸ்பேசரும் கொடுத்து வையுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அத்தை சொல்வார். தெரியட்டும்.

தயிர், வாழைப்பழம் எதையும் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. ஒரே பண்டத்தைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தடவையும் தடிப்போ இளைப்போ வந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வறுகடலையோ புளியங்கொட்டையோ வாயில் வைத்து விளையாடும்போது திடீரென்று மூச்சு முட்டினால் அது இளைப்பே அல்ல. பம்ப் போட்டு நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.