அடுத்த குண்டு வருவதற்குள்

கேள்வி: துப்பாக்கி வந்த பிறகும் ஐரோப்பியர்கள் இருநூறு வருடம் குதிரைமேல் ஏறி, ஈட்டியும் வாளுமாகப் போருக்குப் போனார்களே! அது பிரபுக்களின் வறட்டு கௌரவம்தானே? ஒரு குண்டுக்கு முன்னால் குதிரை என்ன செய்யும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரு குண்டுக்கு முன்னால் குதிரை ஒன்றும் செய்யாது. விழுந்து சாகும். ஆனால் அடுத்த குண்டு வருவதற்குள் மிச்சமிருக்கும் குதிரைகள் என்ன செய்யும்? அதை நீங்கள் கேட்கவில்லை. அன்றைய தளபதிகள் தினமும் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான்.

1600 வாக்கில் காலாட்படை வீரன் கையில் இருந்தது திரித் துப்பாக்கி. எரியும் திரியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே குழல் வாயில் மருந்தைக் கொட்ட வேண்டும். அப்புறம் குண்டைப் போட்டு, கஜக்கோலால் இடித்து, பக்கவாட்டுக் கிண்ணத்தில் பற்றவைக்கும் மருந்தை வைத்து, திரியைப் பொருத்தி, ஊதிக் கனலாக்கிக் குறி பார்க்க வேண்டும். 1607இல் ஹாலந்தில் வெளியான ஒரு படப் பயிற்சி நூல் இந்த வேலையை 40க்கும் மேற்பட்ட நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நன்றாகப் பழகியவனே நிமிடத்துக்கு ஒரு முறை சுட்டால் பெரிய விஷயம். மழை பெய்தால் அதுவும் இல்லை. சுமார் 100 மீட்டருக்கு அப்பால் குறி என்பது அதிர்ஷ்டம். அந்த 100 மீட்டரை நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை பத்து விநாடிக்குள் கடந்துவிடும். ஆக, ஒரு வேட்டுதான். இரண்டாவது வேட்டுக்கு நேரமில்லை. துப்பாக்கிக்காரனுக்குப் பக்கத்தில் நெடு ஈட்டிக்காரர்களைக் காவலுக்கு நிறுத்தியது இதனால்தான்.

நீங்கள் மடத்தனம் என்று நினைப்பது எப்படி ஜெயித்தது என்று ஒரு களத்தில் பாருங்கள். 1605 செப்டம்பர் 27, ரீகா நகருக்கு அருகே கிர்கோல்ம். இன்று அது லாட்வியாவில் இருக்கிறது. ஸ்வீடன் அரசர் ஒன்பதாம் சார்லஸிடம் ஏறக்குறைய 11,000 பேர். எதிரே போலந்து-லிதுவேனியத் தளபதி ஹோட்கியேவிச்சிடம் 4,000 பேர்கூட இல்லை. அதில் பெரும்பகுதி குதிரைப்படை. ஸ்வீடன்காரர்கள் ராத்திரி முழுக்க மழையில் நடந்து வந்து மேட்டில் அணிவகுத்து நின்றார்கள். மேட்டில் நிற்பவனை மோதினால் நஷ்டம் என்று ஹோட்கியேவிச்சுக்குத் தெரியும். பின்வாங்குவதுபோல் நடித்தார். அவர்கள் கீழே இறங்கினார்கள். அணி கலைந்த அந்த நேரத்தில் ஹோட்கியேவிச்சின் ஈட்டிக் குதிரைவீரர்களான ஹுஸார்கள் பாய்ந்தார்கள். கையில் சுமார் 5 மீட்டர் நீள ஈட்டி. எடை குறைய உள்ளே குடைந்து செய்தது. ஒரே மோதலில் அது முறிந்துவிடும். உடனே வாளை உருவ வேண்டும். முதலில் சிதறியது ஸ்வீடனின் குதிரைப்படை. அது ஓடியபின் காலாட்படைக்குப் பக்கபலம் இல்லை. அரை மணி நேரத்துக்குள் முக்கியச் சண்டை முடிந்தது. ஸ்வீடன் படையில் பாதிக்கு மேல் அழிந்தது. ஜெயித்த பக்கம் செத்தவர்கள் சுமார் நூறு பேர். குதிரையை இழந்து தரையில் நின்ற சார்லஸுக்கு ஹென்ரிக் விரேடே என்ற வீரர் தன் குதிரையைக் கொடுத்துவிட்டு அங்கேயே மடிந்தார். அரசர் பிழைத்தார். விரேடேயின் விதவைக்குப் பின்லாந்தில் நிலம் தந்தார்.

ஸ்வீடனின் குதிரை வீரர்களிடமும் துப்பாக்கி இருந்ததே, அப்புறம் ஏன் ஓடினார்கள்? இருந்ததுதான் தொல்லை. சாவியால் முறுக்கிவைத்தால் விசையை இழுத்ததும் சக்கரம் சுழன்று பொறி பறக்கும் கைத்துப்பாக்கி 16ஆம் நூற்றாண்டில் வந்தது. திரி வேண்டாம், நிரப்பி சேணத்தில் செருகிக்கொள்ளலாம். குதிரைக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன? ஆகவே ஒரு வரிசை மெதுவாக முன்னே போய்ச் சுடும், திரும்பிப் பின்னால் போய் நிரப்பும், அடுத்த வரிசை வரும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் குதிரையின் பலமே வேகமும் மோதலும்தான். அதை விட்டுவிட்டு, ஆடும் முதுகில் உட்கார்ந்து, தரையில் நின்று நீளத் துப்பாக்கியால் சுடுபவனோடு சுடும் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள்? துப்பாக்கி குதிரைப்படையைக் கெடுத்தது என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், குதிரைமேல் இருந்தவன் கையில் ஏறி அதைக் கெடுத்தது என்று சொல்லுங்கள்; ஒத்துக்கொள்கிறேன்.

சார்லஸின் மகன் குஸ்தாவ் அடோல்ப் 1620களில் அதே போலந்துக்காரர்களோடு மோதிப் பாடம் கற்றார். ஒரு முறை சுடு, உடனே வாளோடு பாய் என்று தன் குதிரைப்படையை மாற்றினார். நடுவே துப்பாக்கிக்காரர்களையும் நிறுத்தினார். 1631இல் ஜெர்மனியின் பிரைட்டன்பெல்டில் எதிரித் தளபதி பாப்பன்ஹைமின் கனமான குதிரைப்படை ஏழு முறை மோதியும் அந்த அணியை உடைக்க முடியவில்லை. அடுத்த வருடம் லூட்சனில் குதிரைப்படையை நடத்திப் போனபோதுதான் அவர் இறந்தார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் பக்கத்துத் தளபதி ரூபர்ட்டின் குதிரைகள் எதிரியை விரட்டிக்கொண்டே களத்தை விட்டுப் போய்விட்டன. நாடாளுமன்றப் பக்கத்துக் கிராம்வெல்லின் குதிரைகள் மோதிவிட்டு மறுபடி அணி சேர்ந்தன. 1645 நேஸ்பியில் தீர்ப்பு எழுதியது இந்த வித்தியாசம்.

துப்பாக்கி ஜெயித்த களமும் உண்டு, மறைக்கவில்லை. 1525இல் பாவியாவில் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா தன் கவச வீரர்களோடு பாய்ந்தார். மரங்களும் புதர்களுமான வேட்டைக்காட்டில் மறைவிலிருந்து சுட்ட ஸ்பானியப் படையிடம் அவர்கள் சிக்கினார்கள். அரசரே பிடிபட்டார். குதிரைக்கு ஓட இடமில்லாத இடத்தில் அதை இறக்கியது தளபதியின் தவறு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட் பரவியதும் துப்பாக்கிக்காரனே ஈட்டிக்காரனும் ஆனான். கலையாமல் நிற்கும் காலாட்படையை நேருக்கு நேர் மோதுவது அதன்பின் ரொம்பக் கஷ்டமாயிற்று. ஆனாலும் 1807இல் ஐலா போரில் நெப்போலியனின் நடுப்படை சரிந்தபோது அதைக் காப்பாற்றியது அவருடைய தளபதி முராவின் பத்தாயிரம் குதிரைகள்.

கௌரவம் என்றீர்கள். ஹுஸார் அணிந்த இறகும் சிறுத்தைத் தோலும் கௌரவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் வந்தது சொந்தச் செலவில் வாங்கிய குதிரையோடு. குண்டுபட்டு அது செத்தால் பெரிய நஷ்டம். கிர்கோல்மில் ஜெயித்த வீரர்களுக்கே சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ரீகாவின் முற்றுகை நீங்கியது, அவ்வளவுதான். சம்பள பாக்கி வராத படை களத்தை விட்டு விலகியது, ஸ்வீடனோடு போரும் முடியாமல் நீண்டது.