"புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டால் பெண் பிள்ளைகள் படித்துவிடுவார்களா? வரிப்பணம்தானே வீண்?" என்று கேட்கிறீர்கள்.

ஆயிரம் ரூபாய் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கே காணாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 'வரிப்பணம்' என்ற வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. "எதுக்குப் படிப்பு" என்று யாரும் கேட்காத வீட்டில் நீங்கள் வளர்ந்திருப்பீர்கள் போல.

எனக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம். சுற்றிலும் நூற்பு மில்கள். 2012-இல் நான் பத்தாவது முடித்த கோடையிலேயே மில் ஏஜென்ட் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. சுமங்கலித் திட்டம் என்பார்களே, அதுதான். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். அம்மா அழுதது எடுபடவில்லை.

எடுபட்டது அப்பத்தாவின் கணக்கு. அப்போது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பத்தாவது முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் வாங்கியவளுக்கு 50,000. கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம். அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "காலேஜு முடிச்சா அம்பதாயிரமாம்டா. கவருமெண்டு குடுக்கிறத ஏன் விடணும்? படிக்கட்டும்" என்றார். ஏஜென்ட் டீயைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

கல்யாணத்துக்குக் காசு கொடுப்பது பிற்போக்கு என்று கமெண்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். 2022-இல் அதையே அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக மாற்றியதுதான் சரி, பணமும் அவள் கணக்கிலேயே விழுகிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டுப் பேச்சில் அம்மாக்களுக்கு எடுத்துப்போட ஒரு காரணம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அது அப்பத்தாவுக்குக் கிடைத்தது.

அப்புறம், அரசுப் பள்ளிப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு சலுகை என்றும் சிலர் கேட்கிறார்கள். பல வீடுகளில் அரசுப் பள்ளிக்கு அனுப்புவதே பெண் பிள்ளையைத்தான் சார். என் தம்பிக்கு மெட்ரிக் பள்ளி, டை, ஷூ, வாசலுக்கே வேன். எனக்கு பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் வரும்வரை நடைதான். அந்தச் சைக்கிளையும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு எடுத்துப்போய், திங்கள் காலையில் செயின் கழன்ற நிலையில் திண்ணையோரம் சாத்தி வைத்திருப்பான். இன்றைக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் 'இலவசத்தால் நாடு நாசமாகிறது' என்று விடிந்ததும் விடியாததுமாக அனுப்புவதும் அவன்தான்.