கூடமும் கோணலாக இருக்கலாம்

கேள்வி: நேஷனல் ஹாக்கி லீக்கில் ஒரு குழுவில் சோபிக்காத வீரரை இன்னொரு குழுவுக்கு ‘டிரேட்’ செய்தால் புது ஆளாகிவிடுகிறார் என்கிறார்கள். எனக்கு இது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத்தான் படுகிறது. உண்மையான திறமைக்கு ஊர் எதற்கு? கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் இருக்கிற இடத்திலேயே உழைத்துக் காட்ட வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: பழமொழியைச் சொல்கிறவர்கள் யாரும் அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. ஐஸ் ஹாக்கியில் சில கூடங்கள் நிஜமாகவே கோணல். அதைப் பார்க்காமல் ஆடியவர்மீது மட்டும் தீர்ப்பு எழுதுவது எனக்குக் கோபமூட்டுகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நூறு மீட்டர் ஓட்டமாக இருந்தால் உங்கள் கேள்வி நியாயம். ஓடுகிறவருக்கும் கோட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஐஸ் ஹாக்கியில் ஓர் ஆட்டத்துக்கு முன்கள வீரர்கள் 12 பேர், மூவர் மூவராக நான்கு வரிசைகள். முக்கால் நிமிடம் ஆடுவதும் வெளியே வருவதுமாக மாறி மாறி இறங்குவார்கள். 60 நிமிட ஆட்டத்தில் முதல் வரிசைக்காரர் 20 நிமிடம் வரை பனியில் இருப்பார். நான்காவது வரிசைக்காரருக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும் பவர்பிளே நேரத்தில்தான் கோல் எளிதாக விழும். அப்போது இறக்கப்படுவது பெரும்பாலும் மேல்வரிசைக்காரர்கள். யார் எந்த வரிசை, நடுவிலா ஓரத்திலா, பக்கத்தில் யார் என்பதையெல்லாம் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். உழைத்துக் காட்டச் சொல்கிறீர்கள். எந்த எட்டு நிமிடத்தில்?

உங்கள் நாட்டுக் கால்கரி நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2014இல், குழுக்கள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், கால்கரி ஃப்ளேம்ஸ் குழு சாம் பென்னட்டை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒரு தடவைகூட உடலை மேலே இழுக்க முடியாமல் போய், கேலிக்கு ஆளான பையன் அவர். ஆட்டத்தில் குறையில்லை. முதல் முழுப் பருவத்தில் 18 கோல் அடித்தார். அதில் ஒரே ஆட்டத்தில் அடித்தவை நான்கு, அதுவும் ஃப்ளோரிடா பாந்தர்ஸுக்கு எதிராக. அதன் பிறகு கால்கரியில் எந்தப் பருவத்திலும் அவர் 13 கோலைத் தாண்டவில்லை. நடுவில் ஆடும் சென்டர் இடத்தில் அவருக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். ஆகவே ஒரு மாதம் ஓரத்தில், ஒரு மாதம் நடுவில், பிறகு மூன்றாவது வரிசை, அப்புறம் நான்காவது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. “நான்காவதாக எடுத்தவன் ஏமாற்றிவிட்டான்” என்ற பேச்சு மட்டும் அவருக்கு நிலைத்தது. 2021 தொடக்கத்தில் அவர் வேறு இடம் கேட்கிறார் என்ற செய்தி வெளியே வந்தது. அப்போது உங்கள் பழமொழியைப் பலர் அவர்மீது வீசியிருப்பார்கள்.

2021 ஏப்ரலில் ஃப்ளோரிடா அவரை வாங்கியது. கொடுத்த விலை, வருங்காலத் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை ஒன்றும் ஓர் இளம் வீரரும். பென்னட்டோடு கூட ஆறாம் சுற்று உரிமை ஒன்றையும் கால்கரி சேர்த்துக் கொடுத்தது. அவ்வளவு மலிவு. போனவரை இரண்டாவது வரிசையின் நடுவில் நிறுத்தி, இடது பக்கத்தில் ஜோனதன் ஹூபர்டோவை வைத்தார்கள். அந்தப் பருவத்தில் மீதி இருந்த ஆட்டங்களில் 10 ஆடினார், 15 புள்ளிகள் (கோல் அடித்தாலும் கோலுக்குக் கடத்திக் கொடுத்தாலும் ஒரு புள்ளி). அடுத்த பருவத்தில் 28 கோல். 2024இலும் 2025இலும் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. அந்தக் கோப்பைக்கான கடைசிக் கட்டத் தொடரான பிளேஆஃபில் 2025இல் 15 கோல் அடித்து, அந்தத் தொடரின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். உடம்பு அதே உடம்பு, முரட்டுத்தனமும் அதே முரட்டுத்தனம். கால்கரியில் எரிச்சலாகப் பார்க்கப்பட்ட அந்த மோதல் குணம் ஃப்ளோரிடாவில் குழுவின் முகமாகவே ஆனது.

அவருக்குப் பக்கத்தில் ஆடிய ஹூபர்டோ என்ன ஆனார் தெரியுமா? 2021–22இல் 115 புள்ளிகள் எடுத்து லீக்கின் இரண்டாம் இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டவர். 2022 ஜூலையில் கால்கரியின் நட்சத்திர வீரர் மாத்யூ டகாச்சுக்கை வாங்குவதற்காக ஃப்ளோரிடா அவரைக் கால்கரிக்கு அனுப்பியது. அடுத்த பருவத்தில் அவர் எடுத்தவை 55 புள்ளிகள். ஒரே கோடையில் 60 புள்ளி சரிவு! ஃப்ளோரிடாவில் வேகமாகப் பாய்ந்து ஆடியவரை, கால்கரி நிதானமாகக் கட்டுப்படுத்தி ஆடச் சொன்னது. ஆடத் தெரியாதவர் என்று இவரைச் சொல்வீர்களா? முந்தைய ஆண்டில் லீக்கிலேயே அதிகமாக, 85 கோல்களுக்கு ‘பக்’ எனும் ரப்பர் வட்டைக் கடத்திக் கொடுத்த கைகள் அவை.

கால்கரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். இதே கால்கரி ஓர் ஆளைத் தூக்கி நிறுத்தியும் இருக்கிறது. பின்லாந்துக்காரர் மிக்கா கிப்ருசாஃப், சான் ஹோஸே ஷார்க்ஸில் மூன்றாவது கோல்கீப்பர். கோல்கீப்பர் வேலையின் கொடுமை அது. இடம் ஒன்றே ஒன்று. மூன்றாவது ஆளுக்கு உழைத்துக் காட்ட வாய்ப்பே கிடையாது, பயிற்சியில் மட்டும் வியர்வை சிந்தலாம். 2003 நவம்பரில், சொந்தக் கோல்கீப்பர் காயமடைந்த நிலையில், கால்கரி இரண்டாம் சுற்று உரிமை ஒன்றுக்கு அவரை வாங்கியது. வாங்கிய டாரில் சட்டர் அதற்கு முன் சான் ஹோஸேயில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர். யாரை வாங்குகிறோம் என்று கண்ணால் பார்த்து அறிந்தவர் வாங்கினார் என்பதுதான் இதில் முக்கியம். அந்தப் பருவத்தில் கிப்ருசாஃப் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 1.69 கோல். ஏழு பருவங்களாக பிளேஆஃபையே பார்க்காத குழு இறுதிச் சுற்று வரை போனது. வழியில் வீழ்ந்த குழுக்களில் சான் ஹோஸேயும் ஒன்று. 2006இல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதும் அவருக்கே. சான் ஹோஸேயும் ஏமாறவில்லை. அந்த உரிமையில் எடுத்த தற்காப்பு வீரர் அவர்களுக்குப் பல ஆண்டுகள் தூணாக நின்றார்.

2004 இறுதிச் சுற்றில் கால்கரி தம்பா பே லைட்னிங்கிடம் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தையும் தாண்டி இரண்டாம் கூடுதல் நேரத்தில் கால்கரியின் வலையில் பக்கை அடித்தவர் மார்ட்டின் செயிண்ட் லூயி. 2000இல் ‘தேவையில்லை’ என்று கால்கரி விட்டுவிட்ட ஆள் அவர். அது டிரேட்கூட இல்லை. யாரும் மாற்றாக எதுவும் கொடுக்கத் தேவையில்லாமல் போனவர்.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் ஒருவரை மலிவாக விற்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் ஏற்றம், இருந்த ஊரிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும். அந்தப் பங்கைக் கழித்துத்தான் டிரேட்டின் புண்ணியத்தை அளக்க வேண்டும். பென்னட்டின் பத்து ஆட்டங்களை மட்டும் வைத்து நானும் இவ்வளவு பேச மாட்டேன். நான்கு ஆண்டுகளாக நிலைத்தது என்பதால்தான் பேசுகிறேன்.

‘இருக்கிற இடத்திலேயே’ என்று நீங்கள் எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இடத்தை வீரர் தேர்ந்தெடுப்பதில்லை. 18 வயதில் எந்தக் குழு பெயரை அழைக்கிறதோ அங்கே போக வேண்டும். என்னை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் கேட்கும் உரிமைகூட 27 வயதிலோ ஏழு பருவங்கள் முடித்த பிறகோதான் வரும். அதுவரை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், மறுநாள் வேறு ஊர்.

அந்த அழைப்பு எல்லாரையும் தூக்கிவிடுவதும் இல்லை. ஒரே டிரேட்டில் இடம் மாறிய மூவரைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் பஃபலோ சேபர்ஸின் ரயன் ஓரைலி, தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மீதான அன்பே சில வேளைகளில் போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். எவ்வளவு ஏச்சு! சம்பளம் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா என்றார்கள். அந்த ஜூலை 1ஆம் தேதி அவரை செயின்ட் லூயிஸ் புளூஸுக்கு மாற்றினார்கள். புதுக் குழு 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. ஜூனில் அதே குழு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. கான் ஸ்மைத் விருது ஓரைலிக்கு.

அதே டிரேட்டில் எதிர்த்திசையில் பஃபலோவுக்குப் போனவர்களில் ஒருவர் டேஜ் தாம்சன். மூன்று ஆண்டுகள் அவரும் தோல்வி என்றே எழுதப்பட்டார். 2021–22இல் புதுப் பயிற்சியாளர் அவரை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார். 38 கோல், அடுத்த ஆண்டு 47. ஊர் மாறியது 2018இல், கூடம் நேரானது 2021இல்.

கூடவே போன இன்னொருவர் பாட்ரிக் பெர்க்லண்ட். செயின்ட் லூயிஸில் பத்துப் பருவங்கள் ஆடி, அங்கேயே வேர்விட்டிருந்தவர். பஃபலோவில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை. 2018 டிசம்பரில் குழுவை விட்டுப் போனார், ஒப்பந்தம் ரத்தானது, மீதமிருந்த கோடிக்கணக்கான டாலரையும் விட்டுவிட்டார். பிறகு பேசியபோது, தன்னையே இழந்துவிட்டதாக உணர்ந்ததாகச் சொன்னார். அவர் பழைய குழு கோப்பையைத் தூக்கியது அடுத்த ஆறாவது மாதத்தில்.