கையில் பிடித்தால் எரிகிறது, ஃபோர்க்கில் மாட்டினால் அணைகிறதா?
சைக்கிள் டைனமோ விளக்கைக் கையில் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் எரிகிறது, முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு ஃபோர்க்கில் போல்ட் போட்டு முறுக்கியதும் அணைகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது, புதிது வாங்கிவிடாதீர்கள். ஷிமானோ ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் டைனமோவில், வயர் மாட்டும் இரண்டு முனைகளில் ஒன்று சக்கரத்தின் அச்சோடு, அதாவது ஃபோர்க்கோடு, சேர்ந்தே இருக்கும். உங்கள் விளக்கின் உலோக உடம்போடு சேர்ந்த வயர் இப்போது மற்ற முனையில் மாட்டியிருக்கும், அதனால்தான் ஷார்ட் ஆகிறது. இரண்டு வயர்களையும் முனை மாற்றிப் போடுங்கள். ஏசி கரண்ட்தானே, எப்படிப் போட்டாலும் சரி என்பார்கள், பாடி எர்த் ஆகாத, அதாவது உடம்போடு எந்த வயரும் சேராத விளக்குக்குத்தான் அது பொருந்தும். அப்புறம், கனெக்டரில் வயர் இழைகளை நன்றாக முறுக்கி மடித்து வையுங்கள், ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் இதே கதைதான். இதுவரை ஆன ஷார்ட்டால் ஹப் கெட்டிருக்காது, எவ்வளவு வேகமாக மிதித்தாலும் கரண்ட் அரை ஆம்பியரைச் சுற்றியே நிற்கும்.