இரண்டு சைக்கிள், ஒரு வேகம்: கிழக்கிலங்கை வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கூட்டாளியும் வருகிற பங்குனியில் களுவாஞ்சிக்குடியில் இருந்து உகந்தை முருகன் கோயில் வரைக்கும் முடிந்தவரை மெயின் ரோட்டுக்கு ஏறாமல், வட்டை (வயல்வெளி) பாதைகளாலும் குளக்கட்டுகளாலும் நாலு நாள் சைக்கிளில் போக யோசித்திருக்கிறோம். அவனிடம் புது மவுண்டன் சைக்கிள் இருக்கிறது, நல்ல வேகமாக மிதிப்பான். என்னிடம் இருப்பது அப்பா பாவித்த சாதாரண சைக்கிள். இதில் போய்ச் சேரலாமா, இல்லை நானும் ஒரு கியர் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வாங்கத் தேவையில்லை தம்பி. அப்பாவின் சைக்கிளை ஒரு நல்ல கடையில் கொடுத்து பிரேக் கட்டை, செயின், பின் சில்லின் போல்ஸ் (பேரிங் குண்டுகள்) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். 26, 28 அங்குல ரியூப் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். கூட்டாளியின் சைக்கிள் 27.5 அல்லது 29 அங்குலமாக இருந்தால் நாவிதன்வெளியிலோ கோமாரியிலோ அதைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே குறைந்தது இரண்டு உதிரி ரியூப்பை அவர் கையோடு கொண்டுவர வேண்டும். வால்கட்டையும் (காற்றடிக்கிற வால்வு) இரண்டு சைக்கிளுக்கும் வேறு வேறாகத்தான் இருக்கும், ஒரே பம்பால் இரண்டுக்கும் காற்று அடிக்க முடியுமா என்று வீட்டில் வைத்தே அடித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு விசயம். அவர் வேகமாக மிதிப்பார், நீங்கள் மெதுவாகப் போவீர்கள். இரண்டு பேர் போகிற நாலு நாள் பயணம் குழம்புவது அனேகமாக இந்த இடத்தில்தான். வேகமானவர் முன்னே போய் ஒரு மரநிழலில் இறங்கி இளைப்பாறுவார், நீங்கள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்கிற நேரம் அவருக்குக் களைப்பு ஆறியிருக்கும், "சரி, வெளிக்கிடுவம்" என்பார். இப்படியே போனால் களைத்தவருக்கு ஓய்வே கிடையாது, களைக்காதவருக்குத்தான் ஓய்வெல்லாம். இரண்டாம் நாள் பின்னேரம் பேச்சு குறையும், மூன்றாம் நாள் ஒருவர் பஸ்ஸில் திரும்புவார். ஆகவே நீங்கள்தான் முன்னே போக வேண்டும், வேகக்காரர் பின்னே வர வேண்டும், பம்பும் ஒட்டுச் சாமான்களும் பின்னே வருபவரிடம் இருக்க வேண்டும். யார் முதலில் "போதும்" என்கிறாரோ அந்த இடத்தில் அன்றைய ஓட்டம் முடிந்தது, மற்றவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. இதை வெளிக்கிட முன்னமே பேசி முடிவெடுங்கள், வழியில் வெயிலுக்குள் நின்று பேச வேண்டாம்.

இதை நட்புக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் போகிற பக்கம் யானை நடமாடும் பக்கம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைவிட விலகி ஓடக் கூடாது.

பாதையைச் சொல்கிறேன். குருமண்வெளித் துறையில் சைக்கிள்களைப் பாதையில் (ஆள், வாகனம் ஏற்றுகிற மிதவையில்) ஏற்றி ஆற்றைக் கடந்தால் மண்டூர், முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து நாவிதன்வெளி, மத்திய முகாம் என்கிற ஊர். இரண்டாம் நாள் இறக்காமம் குளத்தைப் பார்த்துக்கொண்டு அக்கரைப்பற்று. மூன்றாம் நாள் சாகாமம் பக்கமாகத் திருக்கோவில், கோமாரி, பொத்துவில். நாலாம் நாள் பாணமை, உகந்தை. காபட் ரோட்டில் ஒரு நாளில் ஓடுகிற தூரத்தை கிறவலிலும் (சரளைப் பாதையிலும்) வட்டையிலும் ஓட நினைக்காதீர்கள். நாளுக்கு 30, 40 கிலோமீற்றர் என்று வைத்தாலே நல்ல வேலை. மூன்றாம் நாள் கணக்கு அதற்கு மேலே போகும் என்பதால் அன்று வெளிச்சம் வந்ததுமே மிதிக்கத் தொடங்க வேண்டும். கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் மட்டும் மெயின் ரோட்டை விட்டு இறங்காதீர்கள், அது காட்டுப் பக்கம், அங்கே குறுக்கு வழி தேடுவது வீண் ஆபத்து. அதோடு, திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை! பாணமையில் இருந்து உகந்தை சுமார் 15 கிலோமீற்றர், மணலும் கிறவலும், அதே தூரத்தை நீங்கள் அன்றே திரும்பி மிதிக்க வேண்டும். கோயிலில் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உகந்தைக்கு அப்பால் குமண தேசிய பூங்கா, அதற்குள் சைக்கிளை விடமாட்டார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காட்டுப் பாதை திறக்கும்போதுதான் சனம் அதற்குள்ளால் நடந்து போகிறது.

பங்குனி நல்ல தெரிவு. வெள்ளாமை வெட்டி முடிந்திருக்கும், வட்டை காய்ந்து கிடக்கும். ஆனால் வெட்டு மெசின் ஈரத்தில் ஓடின தடம் அப்படியே இறுகிக் கல்லாகிக் கிடக்கும், அதற்குள் முன் சில்லு இறங்கினால் கைபிடியைத் திருப்ப முடியாமல் பக்கவாட்டில் விழுவீர்கள், அதனால் தடத்துக்கு நடுவில் இருக்கும் மேட்டிலேயே ஓடுங்கள். மணல் வந்தால் ரயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், பெருவிரலால் அழுத்தினால் சற்று அமிழ வேண்டும், ரிம் தட்டுகிற அளவுக்கு இறக்கிவிடாதீர்கள். சாமான்களைக் கரியலில் பழைய ரியூப்பை நீளப்பாட்டுக்கு வெட்டின பட்டியால் இறுக்குங்கள், கிறவல் குலுக்கலுக்குக் கயிறு தளரும், ரியூப் தளராது.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு வெளிக்கிட்டு, பத்தரை பதினொரு மணிக்கு நிழலில் ஒதுங்கி, மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் ஓடி, பொழுது சாய முன் ஊருக்குள் போய்விடுங்கள். வட்டை வாடியில் (வயல் குடிசையில்) ஆட்களைக் கண்டால் இறங்கி நின்று கதையுங்கள். "எங்க மனே போறீங்க இந்த வெயிலுக்க?" என்று அவர்களே கேட்பார்கள், தண்ணீரும் தருவார்கள், ராத்திரி ஆனை எந்தப் பக்கம் இறங்கினது என்பதையும் சொல்வார்கள். அந்தத் தகவல் எந்த ஃபோனிலும் கிடைக்காது. வழியில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் பாருங்கள். வெளுத்து உலர்ந்திருந்தால் பழையது. பச்சையாக, ஈரம் மினுங்கி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதை இன்றைக்கு உங்களுக்கு இல்லை, திரும்புங்கள். யானையைக் கண்டுவிட்டால் மணி அடிக்கவோ படம் எடுக்கவோ நிற்காமல், வந்த வழியே இரண்டு பேரும் சேர்ந்து பின்வாங்குங்கள். குளத்தில் குளிப்பதானால் ஊர்ச்சனம் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள், முதலை உள்ள நாடு இது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீரும் இரண்டு பக்கற் ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) இல்லாமல் எந்தக் காலையும் தொடங்கக் கூடாது.

கேள்வி: இந்த உகந்தைப் பயணம் போக எங்களுக்கு லீவு மார்கழியில்தான் கிடைக்கும். மழைக்குள் போனால் என்ன?
— வாசகர், கல்முனை

பதில்: போக வேண்டாம். வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கம் கொட்டுகிற காலம் அது, நாவிதன்வெளிக்குப் போகிற கிட்டங்கித் தாம்போதிக்கு (தாழ்வான பாலத்துக்கு) மேலால் வெள்ளம் பாயும்போது அந்தப் பாதையே அடைபட்டுவிடும். வட்டைக் களி மட்கார்டுக்குள் புகுந்து இறுகினால் சில்லு சுற்றாது, பத்தடிக்கு ஒரு தடவை தடியால் நோண்டி எடுத்து, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டி வரும். அதைவிட எலிக்காய்ச்சல் பயம் பெரிது. காலில் சின்னக் கீறலோடு வயல் தண்ணீருக்குள் இறங்கினாலே போதும். மாசியில் நாலு நாள் லீவு எடுக்க வழி பாருங்கள். அதுவும் முடியாது என்றால் மழை விட்ட ஒரு நாளில் ஊருக்குப் பக்கத்திலேயே கடற்கரை மணலில் ஓடிப் பழகுங்கள், பாணமை மணலுக்கு அது உதவும்.

கேள்வி: நானும் என் சிநேகிதியும் இரண்டு நாள் சாகாமம், இறக்காமம் பக்கம் சைக்கிளில் போய்வர ஆசைப்படுகிறோம். வீட்டில் ஒரே எதிர்ப்பு. எப்படிச் சம்மதம் வாங்குவது?
— வாசகி, தம்பிலுவில்

பதில்: ஆசை நியாயமானது தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். பொடியன்கள் போனால் "கவனம்" என்பதோடு முடிகிறது, பொம்பிளைப் பிள்ளைகள் கேட்டால் ஆயிரம் கேள்வி. அது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அம்மாவின் பயத்தைப் பிரித்துப் பாருங்கள். இரவு எங்கே படுப்பீர்கள், சைக்கிள் பழுதானால் யார் வருவார், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது யாருக்குத் தெரியும், இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மாமியோ பெரியம்மாவோ இல்லாத குடும்பம் உங்கள் ஊரில் குறைவு. இரவு அந்த வீட்டில் என்று முடிவு செய்து, மாமியையே அம்மாவோடு கதைக்கச் சொல்லுங்கள். எந்தச் சந்தியை எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள், ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கோல் எடுங்கள். அவசரத்துக்கு 1990 அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், அந்த இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள். ஒட்டுப் போட இரண்டு பேருமே பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வைத்து, அப்பா பார்த்துக்கொண்டிருக்க, சில்லைக் கழற்றி ஓட்டையைத் தண்ணீர்ச் சட்டியில் குமிழி பார்த்துக் கண்டுபிடித்து, உரசி, சொலுசன் பூசி ஒட்டிக் காட்டுங்கள். பயணத்துக்கு முதல் வாரம் சாகாமம் குளம் வரை காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புங்கள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முன்னதாகவே.