கம்பெனி பணத்தில் பூங்கா: முதலில் தானப் பத்திரம் இருக்கிறதா?

கேள்வி: கடலூர் செம்மண்டலம் பக்கம் எங்கள் நகர். லே-அவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட சுமார் 20 சென்ட் இடம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் பூங்கா அமைத்துத் தருவதாக ஓர் ஆலோசகர் வந்திருக்கிறார். பணம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்குக்கே வந்துவிடுமாம். அவருக்கு 40,000 ரூபாய் முன்பணம் வேண்டுமாம். கம்பெனி பலகை வைத்தால் நாளைக்கு இடமே கைவிட்டுப் போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கம்பெனியைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது லே-அவுட் போட்டவரின் வாரிசுகளைக் கண்டு. அடுத்தபடியாக அந்த ஆலோசகரைக் கண்டு.

இன்றைய விதிப்படி, மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருக்கும், பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாவிட்டால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அவர் காலமானதும் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது உங்கள் பூங்காவும் ஒரு பாகம் ஆகிவிடும். நீங்கள் நடைபாதை போட்டு, ஊஞ்சல் மாட்டி முடித்த பிறகுதான் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஆகவே ஆலோசகருக்கு 40,000 கொடுப்பதற்கு முன் 10 ரூபாய் செலவழியுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மனைப்பிரிவு அனுமதி எண், தானப் பத்திர எண், பதிந்த தேதி, பட்டா யார் பெயரில் என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். தனக்கு வந்து சேர்ந்த சொத்து எது என்பதை ஓர் உள்ளாட்சி, குடிமகன் மனுப் போட்டுக் கேட்ட பிறகுதான் பீரோவைத் திறந்து பார்க்கும் என்றால் என்ன நிர்வாகமோ!

இதில் ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் நகர் அனுமதி இல்லாமல் போடப்பட்டு, 2017 வரன்முறை விதிகளின் கீழ் பிறகு சரிசெய்யப்பட்டதா? 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்கு வந்த திட்டம் அது. ஒவ்வொருவரும் தத்தம் மனைக்குக் கட்டணம் கட்டி உத்தரவு வாங்கினோம். அந்த உத்தரவு உங்கள் மனைக்குத்தான். விற்பனை நோட்டீஸில் ‘சிறுவர் பூங்கா’ என்று பச்சை அடித்திருந்த இடம் அந்த உத்தரவால் மட்டும் மாநகராட்சிக்கு வந்துவிடாது. “எல்லாம் அப்ரூவ்டு ஆகிவிட்டதே சார்” என்பார்கள். ஆனது வீட்டு மனை, பூங்கா அல்ல. அப்படியானால் முதல் வேலை நிதி தேடுவது அல்ல. இடத்தின் சொந்தக்காரரிடமிருந்து மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் வாங்குவதுதான்.

இனி ஆலோசகர். சி.எஸ்.ஆர். பணத்தை இன்னொரு அமைப்பின் மூலம் செலவழிப்பதென்றால், அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரித் துறைப் பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சி.எஸ்.ஆர்-1 எண்ணும், மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த குடியிருப்போர் சங்கம் என்பது மட்டும் போதாது. எனவே “உங்கள் கணக்குக்கே வரும்” என்றவர் விதி தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர். பெரும்பாலும் இரண்டாவதுதான். கம்பெனியின் உத்தரவுக் கடிதத்தை அதன் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். மறுநாள் போனை எடுக்க மாட்டார்.

நேர்வழி இரண்டு. ஒன்று, கம்பெனி மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டுத் தானே வேலையைச் செய்வது. மற்றது, நமக்கு நாமே திட்டம். இதில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும், மீதி அரசு. 12 லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பக்கம் 4 லட்சம். தனியார் நிறுவனமும் இந்தப் பங்கைத் தரலாம். காசோலை மாநகராட்சிக்கு, உங்கள் பொருளாளர் பெயருக்கோ ஆலோசகர் பெயருக்கோ அல்ல.

“இடத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாம்” என்று யாராவது பெரியவர் சொல்வார். தயவுசெய்து வேண்டாம். அப்புறம் நிதியும் வராது, பிள்ளையாரையும் எடுக்க முடியாது.

ஒப்பந்தத்தில் எல்லோரும் திறப்பு விழாவைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். பல ஆண்டுத் திட்டம் என்றாலும் சி.எஸ்.ஆர். விதிப்படி தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுதான். “எப்போதும் நாங்களே பராமரிப்போம்” என்பது மேடைப் பேச்சு. போர் மோட்டாரின் மின் கட்டணம் யார் பெயரில், காவலாளிக்குச் சம்பளம் யார், ஐந்தாம் வருடம் யார் என்று எழுதி வாங்குங்கள். நுழைவுக் கட்டணம் கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாமன்றத் (மாநகராட்சி உறுப்பினர் மன்றம்) தீர்மான எண் இல்லாத ஒப்பந்தத்தை நம்பாதீர்கள். ஆணையர் மாறினால் கோப்பும் மாறும்.

கொரியன் புல் வேண்டாம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேரும். 2011 தானே புயலில் இந்த ஊரில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். புங்கன், வேம்பு, பூவரசு, புன்னை வையுங்கள்.

பலகைக்கு வருகிறேன். பலகை வைப்பதால் உரிமை மாறாது. குத்தகை என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்ததையே 1991-இல் பெங்களூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பலகையில் ‘இடம்: கடலூர் மாநகராட்சிக்குச் சொந்தமானது’ என்று மேல்வரியில் எழுதச் சொல்லுங்கள், கம்பெனி பெயர் அதன் கீழே எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.