நாவிதரான புனிதர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சோமனூர். கருமத்தம்பட்டி மாதா கோவில் தேருக்கு ஆண்டு தவறாமல் போகிற குடும்பம். உறவினர் வீட்டில் புனித மார்ட்டின் தெ போரஸின் சொரூபத்தைப் பார்த்த என் மகன், "இந்தச் சாமி எதுக்கும்மா சீமாறு வெச்சிருக்குது?" என்று கேட்டான். நோயாளிகளைக் குணமாக்கியவர், தாழ்ச்சி மிகுந்தவர் என்று சொல்லிவைத்தேன். பிறகு அவருடைய வாழ்க்கையைப் படித்தேன். மடம் கடனில் சிக்கியபோது, "நான் வெறும் கலப்பினத்தான், என்னை விற்றுக் கடனை அடையுங்கள்" என்று தலைவரிடம் சொன்னாராம். என் தாத்தா பண்ணையத்தில் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறப்பால் தள்ளிவைக்கப்பட்டவன் தன்னையே தாழ்த்திக்கொள்வதைப் புனிதம் என்று எப்படிக் கொண்டாடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கும் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது. ஆனால் மார்ட்டினை விளக்குமாற்றை வைத்தே பார்த்துப் பழகியதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்று நினைக்கிறேன். அவர் மடத்துக்குள் நுழைந்தபோது கையில் ஒரு தொழிலோடு நுழைந்தவர். அந்தத் தொழில் நாவிதம்.

1579இல் பெரு நாட்டின் லிமா நகரில் பிறந்தார். தாய் ஆனா வெலாஸ்கெஸ் விடுதலை பெற்ற கருப்பின அடிமை. தந்தை ஸ்பானியப் பெருங்குடியைச் சேர்ந்தவர். குழந்தையின் நிறத்தைக் கண்டு தந்தை தயங்கினார் என்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் 'தந்தை பெயர் தெரியவில்லை' என்றே எழுதப்பட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு நாவிதரிடம் தொழில் பழகப் போனார். அக்காலத்து நாவிதம் முடிவெட்டுவதோடு நிற்பதன்று; இரத்தம் இறக்குவது, பல் பிடுங்குவது, புண்ணைக் கீறிக் கட்டுவது, மூலிகை அரைத்துக் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதை நமக்கு ஐரோப்பிய வரலாற்றிலிருந்து விளக்க வேண்டியதில்லை. அவிநாசிக்குப் பக்கத்துச் சிற்றூரில் எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, எங்கள் அப்பாருக்கு முதுகில் ராஜபிளவை என்னும் பெரிய சீழ்க்கட்டி வந்தது. ஊர் நாவிதர் கத்தி, கருவிகள் வைக்கும் அடைப்பத்தோடு வந்தார். வீட்டின் உள்கூடமான ஆசாரத்துக்குள் அவர் வரக்கூடாது என்பதால் கட்டிலை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோள விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே, கட்டியைச் சுற்றி இரண்டு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தவர், பழுத்த இடம் தட்டுப்பட்டதும் பேச்சை நிறுத்தாமலேயே கீறினார். சீழை முழுக்கப் பிதுக்கித் துடைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக் கட்டினார். முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் ஆத்தா சொம்பை உயரத் தூக்கி அவருடைய இரண்டு கைக்குள் ஊற்றினார். சற்று முன்புவரை எங்கள் வீட்டுப் பெரியவரின் சதைக்குள் இருந்த விரல்கள் அவை. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடவும் அவர்தான் வரவேண்டும், பிரசவம் பார்க்க அவர் வீட்டம்மாதான் வரவேண்டும். சொம்பை மட்டும் அவர்கள் தொடக்கூடாது. மார்ட்டினைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பதினைந்து வயதில் லிமாவின் சாமிநாதர் (டொமினிக்கன்) சபை மடத்தில் சேர்ந்தார். கருப்பின, பூர்வகுடி வழிவந்தவர்கள் முழு உரிமையுள்ள துறவியாக அங்கே சட்டம் இடம் தரவில்லை. அவர்கள் 'தொனாதோ' என்னும் ஏவலாளாக இருக்கலாம். அந்தச் சொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டவன்' என்று பொருள். நம் பக்கத்தில் கோவிலுக்கு நேர்ந்துவிடுவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பெருக்கினார், துணி துவைத்தார், சமையலறையில் வேலை செய்தார். பின்னர், மடத்துத் தலைவர் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரை 1603இல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுக்கச் செய்தார். நோயாளிகள் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. அதன்பின், 1639 நவம்பர் 3இல் இறக்கும்வரை, துறவிகளுக்கும் அடிமைகளுக்கும் தெருவில் விழுந்து கிடந்தவர்களுக்கும் அவர்தான் வைத்தியர்.

பூட்டிய கதவு வழியாக வந்தார், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தோன்றினார் என்றெல்லாம் சொல்லப்படும் அற்புதங்களை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் நின்று படித்த இடம் வேறு. கத்திக்குத்துப் பட்டு இரத்தம் ஒழுகக் கிடந்த ஒரு பூர்வகுடி ஏழையை அவர் தம் அறைக்குத் தூக்கிவந்தார். வெளியாட்களை மடத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஏற்கெனவே தடை இருந்தது. தலைவர் கண்டித்தபோது, தவற்றுக்கு மன்னிப்புக் கேட்ட மார்ட்டின், அன்பின் கட்டளையைவிடக் கீழ்ப்படிதலின் கட்டளை பெரியது என்பது தமக்குத் தெரியாமல் போயிற்று, அதைத் தமக்குக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டாராம். இதைவிடப் பணிவாக ஒருவர் மறுத்துப் பேச முடியாது. தலைவருக்குப் பதில் இல்லை, அனுமதி கொடுத்தார். மடத்தில் இடமில்லாதபோது, தம் தங்கை ஹுவானாவின் வீட்டிலும் மார்ட்டின் நோயாளிகளைக் கிடத்தினார். தமக்கு வந்த இழிவுக்கெல்லாம் குனிந்தவர், அடுத்தவன் உடம்பு என்று வந்துவிட்டால் குனியவே இல்லை. உங்கள் தாத்தா குனிந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் மறைக்கப் பார்க்கவில்லை. அவரைக் குனியவைத்தது பயமும் பசியும். அதைத் தாழ்ச்சி என்று யாராவது பாராட்டினால் அது பொய்.

விற்கச் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். அவர் அதைக் குத்தலாகச் சொன்னார் என்று வாதாடி அவரை நம் காலத்துப் போராளியாக்க மாட்டேன், மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சொல்லப்பட்ட இடம் லிமா. மனிதர்களை விலைபேசிய சந்தை அந்த ஊரிலேயே இருந்தது. சொன்னவர் விலைபோன ஒருத்தியின் மகன். தலைவர் விற்கப் புறப்பட்டது மடத்தின் பொருட்களை. பின்னாலேயே ஓடிவந்த ஓர் ஆள் தன்னை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறான். தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பதையும் சேர்த்தே அந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

திருச்சபை எப்படி நடந்துகொண்டது என்று கேட்டால், அங்கே எனக்கும் கோபம் உண்டு. மார்ட்டின் ஞானஸ்நானம் பெற்ற அதே சான் செபாஸ்தியான் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற, ஸ்பானிய வழிவந்த லிமா ரோசம்மாள் 1617இல் இறந்து 1671இல் புனிதரானார்: ஐம்பத்து நான்கு ஆண்டுகள். மார்ட்டினுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் 1837இல் கிடைத்தது; புனிதர் பட்டம் 1962இல், இறந்து முந்நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

உங்கள் மகனுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். மெக்சிகோவின் பேராயராகப் போகவிருந்த ஃபெலிசியானோ தெ வேகா லிமாவில் நோயில் படுத்தபோது மார்ட்டினை அழைத்துவரச் சொன்னார். கையைத் தம் நெஞ்சின்மேல் வைக்கச் சொன்னபோது, ஒரு கலப்பினத்தானின் கை எதற்கு என்று மார்ட்டின் கூசினார். பேராயர் விடவில்லை, அந்தக் கையை வாங்கி வலித்த இடத்தில் வைத்துக்கொண்டார். வலி நின்றது. மார்ட்டின் மடத்துக்குத் திரும்பி, விட்டுவந்த கழிப்பறை வேலையைத் தொடர்ந்தார். சொரூபத்தில் இருக்கிற விளக்குமாறு அந்த வேலைக்குரியது. சவரக்கத்தியைச் சிற்பி ஏனோ விட்டுவிட்டார் என்று பையனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.